வீடு மேலே, ஊற்று கீழே: மலைச்சரிவில் செப்டிக் டேங்கைப் பார்த்துக்கொள்வது எப்படி

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சரிவில் வீடு வைத்திருப்பவர்களிடம் செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "எங்க டேங்க் நிறையவே நிறையாதுங்க, இருபது வருசமாச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்ல." நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஐப்பசியில், எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் பாட்டி குச்சியை ஊன்றிக்கொண்டு மேலே ஏறி வந்து, "தம்பி, ஒரு வாரமா ஊத்துத் தண்ணி வாடை அடிக்குது, குடத்தைப் புளி போட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது, உங்க பக்கம் ஏதாச்சும் ஒடஞ்சிருக்கா பாரு" என்றார். உடைந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நிறையாத டேங்க் என்று ஒன்று கிடையாது. நிறையவில்லை என்றால் உள்ளே போவது வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. சமவெளியில் அது நேராகக் கீழே இறங்கும். மலையில் ஒரு ஆழத்துக்குக் கீழே பாறையோ களிமண்ணோ வந்துவிடும், தண்ணீர் அதன் மேலேயே பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் அடுத்து மண் எங்கே திறக்கிறதோ அங்கே வெளியே வரும். அப்படி மண் திறக்கும் இடத்துக்குத்தான் நாம் ஊற்று என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முதலில் உங்களிடம் இருப்பது டேங்க்தானா என்று பாருங்கள்

பழைய வீடுகளில் டேங்க் என்று சொல்வது பெரும்பாலும் சிமெண்ட் உறை இறக்கிய குழியாகத்தான் இருக்கும். அடியில் மண், பக்கத்தில் உறை, மேலே ஒரு சிலாப், அவ்வளவுதான். வெளியே போகும் குழாய் இருக்காது. உண்மையான செப்டிக் டேங்க் என்றால் அடியில் கான்கிரீட், உட்பக்கம் பூச்சு, நடுவில் ஒரு தடுப்பு, உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் ஒவ்வொரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு), அங்கிருந்து, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் ஒரு உறிஞ்சுகுழிக்கோ ஜல்லி போட்ட வாய்க்காலுக்கோ போகும் பைப், மேலே ஒரு வென்ட் பைப் இத்தனையும் இருக்கும். கனமானது அடியில் கசடாகத் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கும் இலேசானதும் மேலே ஏடாக மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் தண்ணீர் மட்டும் டீ வழியாக வெளியே போகும். இந்த மூன்றும் கலக்காமல் இருக்கும் வரை டேங்க் வேலை செய்கிறது. கலந்துவிட்டால் கசடு உறிஞ்சுகுழிக்குள் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். அடைபட்ட உறிஞ்சுகுழியை மீட்பது கடினம், பெரும்பாலும் வேறு இடத்தில் புதிதாகத் தோண்ட வேண்டியதுதான்.

இன்னொன்று, குளிர். கசடைத் தின்று குறைக்கும் கிருமிகள் வெதுவெதுப்பில்தான் வேகமாக வேலை செய்யும். ஊட்டியில் தையில் உறைபனி விழுகிற ராத்திரிகளில் அவை கிட்டத்தட்டத் தூங்கிவிடும். அதனால் கீழே கோயம்புத்தூரில் மூன்று வருடம் தாங்குகிற அளவு டேங்க் இங்கே இரண்டு வருடத்திலேயே நிறையலாம். "நம்ம ஊர்க் குளிர்ல நாத்தமே இல்ல, டேங்க் நல்லா இருக்கு" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாற்றம் குறைவாக இருப்பதற்கும் செரிமானம் குறைவாக இருப்பதற்கும் குளிர்தான் காரணம்.

திறந்து அளப்பது

இதை வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆவணி அல்லது புரட்டாசியில். கூடலூர், தேவாலா பக்கம் இருப்பவர்களுக்குத் தென்மேற்குதான் பெரிய மழை என்பதால் சித்திரையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் சிலாபைத் தூக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வாயுவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. அளவு கூடினால் அது மூக்கை மரக்கச் செய்துவிடும், வாடை தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். மீத்தேன் தீப்பிடிக்கும். அதனால் திறந்ததும் அரை மணி நேரம் தள்ளி நில்லுங்கள். பீடி, தீக்குச்சி, கற்பூரம் எதுவும் கூடாது. தனியாகத் திறக்காதீர்கள். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். எட்டிப் பார்க்கத் தலையை உள்ளே விடவே கூடாது. யாராவது விழுந்துவிட்டால் காப்பாற்றக் கூடவே இறங்காதீர்கள், தயவுசெய்து. தம்பியைத் தூக்க அண்ணன், அண்ணனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகச் செத்துப்போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 101-க்கும் 108-க்கும் கூப்பிடுங்கள், முடிந்தால் மேலிருந்து கயிறு போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, அளப்பதற்கு வருவோம். 8 அடி நீளத்தில் ஒரு மூங்கில் கம்போ ஒரு இஞ்ச் பிவிசி பைப்போ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பக்கம் 4 அடி உயரத்துக்குப் பழைய வெள்ளைத் துண்டை இறுக்கமாகச் சுற்றி, சணல் கயிற்றால் மேலிருந்து கீழ் வரை வரிந்து கட்டுங்கள். வெளியே போகும் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் மூடி வழியாக மெதுவாக இறக்குங்கள், ஏட்டைக் குத்திக்கொண்டு போகும், பரவாயில்லை. தரையில் முட்டியதும் நான்கைந்து நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு நேராக மேலே எடுங்கள். துண்டின் அடியில் கரும் துகள்கள் ஒட்டிக்கொண்டு ஒரு கோடு மாதிரித் தெரியும், அதற்கு மேலே வெறும் ஈரக்கறைதான் இருக்கும். கருப்பு எவ்வளவு உயரமோ அதுதான் கசடு. மொத்த ஈர உயரத்தில் கசடு மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரிக்குச் சொல்ல வேண்டியதுதான். மேல் ஏட்டின் அடிப்பாகம் டீயின் கீழ் வாய்க்கு மூன்று இஞ்ச் அளவுக்கு நெருங்கிவிட்டாலும் அப்படித்தான்.

நான் முதல் தடவை அளந்தபோது ஈரம் நாலரை அடி, கருப்பு மூன்று அடி. டீ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் மட்டும் இருந்தது, டீ எப்போதோ உடைந்து உள்ளே விழுந்திருந்தது. நாலு இஞ்ச் பிவிசி டீ ஒன்று. அதன் விலைக்காக அந்தப் பாட்டியின் குடம் நாறியிருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

லாரியைக் கூப்பிடுவது

மலையில் இதுதான் பெரிய வேலை. கூப்பிடும் முன் மூன்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: சாலையின் அகலம், லாரி நிற்கும் இடத்திலிருந்து தொட்டி வரை ஹோஸ் எத்தனை அடி வேண்டும், லாரி தொட்டியைவிட எத்தனை அடி மேலே நிற்கும். முதல் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதைச் சொல்லாமல் விட்டுத்தான் லாரி வந்து, ஹோஸைப் போட்டு, ஒரு மணி நேரம் உறுமிவிட்டுச் சும்மா திரும்பிப் போகும்.

காரணம் காற்றழுத்தம். சக்‌ஷன் லாரி கசடை இழுப்பதில்லை, அதன் டேங்கில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, வெளியே இருக்கும் காற்று கசடை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அப்படித் தள்ளக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 33 அடி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100-க்கும் மேல், இங்கே காற்று மெலிந்து அந்தக் கணக்கு 26 அடிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதுவும் சுத்தமான தண்ணீருக்கு. கெட்டிக் கசடு, நீள ஹோஸ், பழைய பம்ப் எல்லாம் சேர்ந்தால் 15, 16 அடிக்கு மேல் வண்டி திணறும். தொட்டியின் அடியிலிருந்து லாரி டேங்கின் உச்சி வரை கணக்குப் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தொட்டி ஆழம் 5 அடி, சாலை 6 அடி மேலே, லாரி டேங்க் உயரம் இன்னொரு 7 அடி என்றால் அப்போதே 18 ஆகிவிட்டது. உயரத்தை அளக்கக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும், இரண்டு பேர் பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

கீழே ஒரு தோட்டப் பாதை இருந்து, சின்ன வண்டியோ டிராக்டர் டேங்கரோ அங்கே வர முடியும் என்றால் அதைத்தான் முதலில் பாருங்கள், வண்டி தொட்டிக்குக் கீழே நின்றால் வேலை பாதி குறையும். வழியே இல்லை, சாலை மேலேதான் என்றால் தொட்டிக்குள் இறக்கும் கசடு பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். அது கீழிருந்து தள்ளுவது, இந்த உயரக் கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. அடிக்கசடு இறுகியிருந்தால் மேலிருந்து கம்பியால் கலக்கி, கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள்.

"கடைசி கொஞ்சம் அள்ளணும்ங்க, ஆளை இறக்கிடலாம், ஐநூறு சேர்த்துக் குடுங்க" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் பொறுப்பு. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டத்தை விடுங்கள், ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் அனுப்பி நம் கழிவறையைச் சுத்தம் செய்ய வேண்டிய அவசியம் எதற்குமே கிடையாது. அடியில் இரண்டு இஞ்ச் கசடு இருக்கட்டும். இருப்பதுதான் நல்லது, அடுத்த சுற்றுக்கு வேண்டிய கிருமிகள் அதில்தான் இருக்கின்றன. கழுவித் துடைத்துப் பளிச்சென்று வைக்க அது என்ன குடிநீர்த் தொட்டியா?

லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், பணம் கொடுப்பவர் நீங்கள். நீலகிரியில் கேத்தி, அதிகரட்டி மாதிரி இடங்களில் கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றால் 14420 என்ற எண்ணில் கேட்கலாம். நான் ஒரு முறை விலை குறைவு என்று ஒருவரைக் கூப்பிட்டேன், "ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவோம்" என்றார்கள். மறுநாள் காலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், சோலைக்குள் இறங்கும் ஓடை ஓரத்தில் நாற்றம். ராத்திரி வண்டியை அதோடு விட்டுவிட்டேன்.

கசடைக் கேரட், உருளைக் காட்டுக்கு உரமாக அப்படியே விடச் சொல்லி யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை ஈரமான குளிர்ந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கேரட்டைப் பிள்ளைகள் பிடுங்கித் துடைத்துவிட்டுப் பச்சையாகத்தான் தின்கிறார்கள்.

எடுப்பதற்கு மாசி, பங்குனிதான் நல்ல நேரம். நல்ல மழையில் எடுக்கவே கூடாது. சுற்றியுள்ள மண்ணில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது தொட்டி காலியானால் பிளாஸ்டிக் டேங்க் அப்படியே மிதந்து மேலே வந்துவிடும், செங்கல் தொட்டி என்றால் சுவர் உள்ளே சரியலாம். எடுத்து முடித்ததும் உடைந்த டீயையும் விரிசல் விட்ட சிலாபையும் வெளியில் நின்றபடியே மாற்றிவிட்டு, தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டு மூடுங்கள். சாணம் கரைத்து ஊற்றுவது ஒரு பழக்கம், ஒரு வாளி ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் தேவையும் இல்லை. பாக்கெட்டில் விற்கும் கிருமித் தூளும் அப்படித்தான், அதைப் போட்டால் லாரியே வேண்டாம் என்பதை நம்பாதீர்கள்.

தொட்டியைவிட உறிஞ்சுகுழிதான் முக்கியம்

சரிவில் வீடு கட்டினால் தடுப்புச்சுவர் இருக்கும், சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மழை இல்லாத மாசி மாதத்தில் போய் அந்த ஓட்டைகளைப் பாருங்கள். காய்ந்திருந்தால் சரி. ஒன்றிரண்டில் மட்டும் ஈரம், அதைச் சுற்றிக் கரும்பச்சையாக வழவழவென்று ஒரு படிவு, கீழே மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க அங்கே மட்டும் புல் தழைத்து நிற்கிறது என்றால் உங்கள் கழிவுநீர் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது. இது சுகாதாரப் பிரச்சினை மட்டும் இல்லை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஏற ஏற மண்ணின் பாரம் கூடும், பிடிப்பு குறையும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உறிஞ்சுகுழியைத் தடுப்புச்சுவரின் தலைப்பக்கத்தில் தோண்டியிருந்தால் அதை மூடிவிட்டு இடம் மாற்றுங்கள், செலவானாலும் சரி.

கழிவுநீர் ஊற்றுக்குப் போகிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. தொட்டிக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவில் இருக்கும் சேம்பரில் (குழாய்கள் சேரும், மூடி போட்ட சின்னத் தொட்டி) கேசரி பவுடரைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, இரண்டு வாளித் தண்ணீர் விடுங்கள். கீழே ஊற்றில் இரண்டு மூன்று நாள் வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். நிறம் வந்தால் உறுதி. வரவில்லை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை, மண் நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கிருமியை விட்டுவிடலாம். அதற்கு ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இருக்கிறது, ஊற்றுத் தண்ணீரைக் குறியிட்ட அளவுக்கு நிரப்பி வைத்து ஒன்றிரண்டு நாளில் கறுக்கிறதா என்று பாருங்கள், கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்க் குளிரில் அந்தக் குப்பியை ஜன்னலோரம் வைத்தால் கறுக்க வேண்டியதும் கறுக்காது. அடுப்படியில், வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். முடிவு தெரியும் வரை கீழே இருப்பவர்களிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. பாட்டி திட்டவில்லை, "சொன்னியே, அது போதும்" என்றார்.

மழைத் தண்ணீரைத் தொட்டிப் பக்கமே விடாதீர்கள். கூரைத் தண்ணீரைக் கழிவறைப் பைப்பில் இணைத்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு நல்ல மழையில் தொட்டியில் இருக்கும் அத்தனையும் கலங்கி உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். தொட்டிக்கு மேல்பக்கச் சரிவில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

சிலாப் மேல் காட்டெருமை நிற்கும். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இது தினசரி நடப்பது, நன்கு வளர்ந்தது ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு இஞ்ச் சிலாப் தாங்காது. ஒன்று கம்பி கட்டிய தடித்த சிலாப் போடுங்கள், அல்லது சுற்றி வேலி வையுங்கள். பக்கத்தில் சில்வர் ஓக், யூகலிப்டஸ் இருந்தால் வேர் குழாய் இணைப்புக்குள் புகுந்துவிடும், அதையும் வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

உள்ளே போகக்கூடாதவை உங்களுக்கே தெரியும்: நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான், சமையல் எண்ணெய், டீத்தூள் சக்கை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தினமும் ஊற்றினால் குளிரில் ஏற்கெனவே தள்ளாடும் கிருமிகள் செத்துப்போகும், சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாலு பேருக்குக் கட்டிய தொட்டியில் மே மாத சீசனில் பதினாறு பேர் குளித்தால் கசடு கீழே தங்க நேரமே கிடைக்காது. சீசனுக்கு முன்னால் ஒரு தடவை எடுத்துவிடுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்களுக்குக் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். தொட்டி குறைந்தது 1,000 லிட்டர், தண்ணீர் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, நீளம் அகலத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. நீளவாக்கைச் சரிவின் குறுக்கே, தேயிலை வரிசை போகிற போக்கில் வையுங்கள், வெட்டும் மண் குறையும். வீட்டிலிருந்து குழாய் செங்குத்தாக இறங்கித் தொட்டிக்குள் கொட்டக் கூடாது, வேகமாக விழும் தண்ணீர் கசடைக் கிளப்பிவிடும். தொட்டிக்கு முன் ஒரு சேம்பர் கட்டி வேகத்தை உடைத்து, கடைசிப் பகுதியை மெல்லிய சாய்வில் விடுங்கள். உறிஞ்சுகுழி ஊற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஊற்று கீழே இருந்தால் அதைவிட எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு. ஆழமான ஒற்றைக் குழியைவிட, சரிவின் குறுக்கே ஜல்லி போட்ட ஆழமில்லாத வாய்க்கால்கள் இரண்டு மூன்று நல்லது, தண்ணீர் ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். இடம் கொஞ்சம் இருந்தால், அடியில் தார்ப்பாலின் போட்ட ஜல்லிப் படுகையில் கல்வாழை நட்டு, தொட்டித் தண்ணீரை அதன் வழியாக விட்டு, அப்புறம் மண்ணுக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

கடைசியாக ஒரு வேலை. தொட்டி எங்கே, மூடி எங்கே, உறிஞ்சுகுழி எங்கே என்று வீட்டின் பின்சுவரிலேயே பெயிண்டில் அம்புக்குறி போட்டு அடிக்கணக்கை எழுதிவிடுங்கள், கட்டிய மேஸ்திரிக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. அதன் பக்கத்தில் கசடு எடுத்த மாதம், வருடம், அன்றைக்கு அளந்த உயரம். எங்கள் சுவரில் நாலு வரி ஏறியிருக்கிறது. நான்காவதை எழுதிய அன்று பாட்டியின் பேரன் மேலே வந்து, தங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கும் குழியையும் ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும் என்று அந்த மூங்கில் கம்பை வாங்கிக்கொண்டு போனான்.